நெடுநடைக்குக் காலணியும் காலுறையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பல நாள் தொடர்ந்து நடக்கும் பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை காலணியையும் காலுறையையும் பற்றியே கேட்டிருந்தன. கூடாரத்திலோ முதுகுப்பையிலோ செய்த பிழையை வழியில் எப்படியாவது சமாளித்துவிடலாம். பாதத்தில் தோல் உரிந்துவிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே இந்த இதழில் எனக்குரிய பக்கங்கள் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்துள்ளேன்.

கேள்வி: பன்னிரண்டு நாள் மலைப்பாதை நடைக்குத் தயாராகிவருகிறேன். முதுகுப்பையின் எடை ஒன்பது கிலோவுக்குள் இருக்கும். கணுக்காலை மூடும் தோல் பூட்தான் வேண்டும் என்கிறார் மூத்த நண்பர் ஒருவர். ஓடுவதற்கான இலேசான ஷூவே போதும் என்கிறார்கள் உடன்வரும் இளைஞர்கள். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே தாங்கள் சுமந்த சுமையையும் நடந்த பாதையையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இருபது கிலோவுக்கு மேல் முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்த காலத்தில் விறைப்பான அடிப்பாகமும் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் கழுத்தும் தேவைப்பட்டன. உங்கள் நண்பரின் அறிவுரை அந்த அனுபவத்திலிருந்து வருகிறது. உங்கள் சுமை அதில் பாதிகூட இல்லை.

காலில் கூடும் எடையைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். காலில் சுமக்கும் ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் ஒரு கிலோவைவிட ஏறத்தாழ நான்கிலிருந்து ஆறு மடங்கு அதிக உழைப்பைக் கேட்கிறது என்று நடப்பவர்களின் ஆற்றல் செலவை அளந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதுகுச் சுமை உடலோடு சேர்ந்து சீராக நகர்கிறது. காலில் உள்ள சுமையையோ ஒவ்வோர் அடிக்கும் தரையிலிருந்து தூக்கி, முன்னே வீசி, மீண்டும் நிறுத்தவேண்டியிருக்கிறது. ஒரு நாளில் 25 கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 35,000 அடிகள் ஆகின்றன. அதாவது ஒவ்வொரு காலையும் பதினேழாயிரம் முறைக்கு மேல் தூக்குகிறோம். ஒரு ஜோடி தோல் பூட் 1.2 கிலோவிலிருந்து 1.6 கிலோவரை இருக்கும். மலைப்பாதையில் ஓடுவதற்கென்று செய்த ஷூ ஜோடி 600, 700 கிராமில் கிடைக்கிறது. இந்த வேறுபாட்டை மாலையில் உங்கள் தொடைகள் உங்களுக்குச் சொல்லும்.

1955-ஆம் ஆண்டில் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, தம் 67-ஆம் வயதில், 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பலேச்சியன் நெடும்பாதையைச் சாதாரணக் கான்வாஸ் ஷூ அணிந்து தனியாக நடந்து முடித்தார். வழியில் பல ஜோடிகள் தேய்ந்து கிழிந்தன. இதைக் கேட்டுவிட்டுக் கான்வாஸ் ஷூ வாங்கப் புறப்படுபவர்கள், அவர் சுமந்தது தாமே தைத்த ஒற்றைத் துணிப்பைதான் என்பதைச் சேர்த்து நினைத்துக்கொள்ளவேண்டும். சுமை குறைந்திருந்ததால்தான் அந்தக் காலணி போதுமானதாக இருந்தது.

பூட்டின் உயரமான கழுத்து சுளுக்கைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கு ஆய்வுகளிலிருந்து உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அடிக்கடி கணுக்கால் புரள்பவர்களுக்கு, ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகும் பயிற்சியைப் பல வாரங்கள் செய்வது அதைவிட நம்பகமான காப்பு. பனியில் நடக்கவேண்டியிருந்தாலும், கூரிய கற்கள் சரிந்து கிடக்கும் சரிவுகளில் நாள் முழுவதும் நடக்கவேண்டியிருந்தாலும், பதினைந்து கிலோவுக்கு மேல் சுமக்கவேண்டியிருந்தாலும் நான் பூட்டையே அணிவேன். நீங்கள் எழுதிய பாதைக்கும் சுமைக்கும் மலைப்பாதை ஷூவே பொருந்தும்.

ஆனால் இலேசான ஷூ எல்லாமே தகுதியானது என்று எண்ணிவிடவேண்டாம். கடையில் ஷூவின் முன்புறத்தை ஒரு கையிலும் குதிகால் பகுதியை மறு கையிலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுக்கிக்கொள்ளும் ஷூ கல்லடர்ந்த பாதையில் உள்ளங்காலை வருத்தும். மடித்துப் பார்த்தால், விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தில் மடியவேண்டும். நடுவில் மடியும் ஷூவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கும்போது அளவெடுத்தாற்போல் இருந்த ஷூ, பயணத்தின் மூன்றாம் நாளில் இறுக்கமாகிவிட்டது. பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துவிட்டன. நான் எங்கே தவறினேன்?

பதில்: வாங்கும்போது அளவெடுத்தாற்போல் இருந்ததுதான் தவறு. மணிக்கணக்கில் நடக்கும்போது பாதத்தில் நீர் சேர்ந்து வீங்குகிறது. சுமையின் கீழ் உள்வளைவு தாழ்ந்து பாதம் நீளவும் அகலவும் செய்கிறது. காலையில் உங்கள் பாதத்தின் அளவு ஒன்று, 20 கிலோமீட்டர் கடந்த பிறகு அதன் அளவு வேறு. வாரக்கணக்கில் நடப்பவர்களுக்குப் பாதம் அரை எண்ணிலிருந்து ஓர் எண்வரை பெரிதாவது உண்டு. சிலருக்கு அது பழைய அளவுக்குத் திரும்பாமலே போய்விடுகிறது.

ஆகவே மாலையில், முடிந்தால் சிறிது நேரம் நடந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பயணத்தில் அணியப்போகும் அதே காலுறையைக் கொண்டுசெல்லுங்கள், ஏனென்றால் காலுறையின் தடிமன் மாறினால் ஷூவின் அளவும் மாறிவிடும். உட்கார்ந்தபடி போட்டுப் பார்ப்பது பயனற்றது. எழுந்து நின்று முழு எடையையும் காலில் ஊன்றவேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரியது; பெரிய காலுக்கே வாங்கவேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். மிக நீண்ட விரல் பெருவிரலாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பலருக்கு இரண்டாம் விரலே நீளமானது.

எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஷூவின் உள்ளே இருக்கும் மெத்தையை, அதாவது இன்சோலை, வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதத்தின் ஓரங்கள் மெத்தைக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூவின் வடிவம் உங்கள் காலுக்கு உரியதன்று; எண்ணைக் கூட்டி வாங்கினால் நீளம் மட்டும் மிகுந்து குதிகால் ஆடத் தொடங்கும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென்று வைத்திருக்கும் கால் அச்சின்மேல்தான் ஷூவை உருவாக்குகிறார்கள். அச்சு ஒத்துவராதபோது வேறு தயாரிப்புக்குப் போவதுதான் வழி. விரல்கள் விசிறிபோல் விரியும் அமைப்பு உள்ளவர்களுக்கு முன்பகுதி கூராகக் குறுகும் ஷூ எந்த எண்ணிலும் பொருந்தாது.

எண்களை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. பிரிட்டிஷ் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு. ஐரோப்பிய முறையில் அது ஏழு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு முறையின் எண்ணை மற்றதற்கு மாற்றும் அட்டவணைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் குறித்து வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

இனி, கறுத்த நகம். இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கி, விரல் நுனி ஷூவின் முன்சுவரில் திரும்பத் திரும்ப மோதுவதால் நகத்தின் அடியில் இரத்தம் கட்டியிருக்கிறது. முன்னால் இடம் இருந்தும் இது நேர்ந்தால் லேஸ் கட்டும் முறையில் குறை இருக்கிறது. அதைப் பற்றித் தனிக் கேள்வி ஒன்று கீழே இருக்கிறது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நகங்களை நேராக, ஓரங்களைக் குடையாமல் வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பருத்திக் காலுறையைத்தான் வாழ்நாள் முழுவதும் அணிந்துவருகிறேன். வியர்வையை நன்றாக உறிஞ்சுகிறது. நெடுநடைக்கு மட்டும் அது ஆகாது என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

பதில்: உறிஞ்சுகிறது என்பது உண்மை, உறிஞ்சியதை விடுவதில்லை என்பதே சிக்கல். இதை விளக்கக் கொப்புளம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

கொப்புளம் என்றால் துணி தோலின்மேல் தேய்ந்து தேய்ந்து வருவது என்று நாம் நினைக்கிறோம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வலக் கைவிரல் நுனியை இடப் புறங்கையின்மேல் அழுத்தி வைத்து, வழுக்கவிடாமல் முன்னும் பின்னும் அசையுங்கள். விரல் தோலின்மேல் நகரவே இல்லை. ஆனாலும் தோல் எலும்பின்மேல் இங்கும் அங்கும் இழுபடுகிறது. நடக்கும்போது குதிகாலில் நடப்பதும் இதுதான். தோலின் வெளிப்பரப்பு காலுறையோடு ஒட்டி நின்றுவிடுகிறது, காலுறை ஷூவோடு ஒட்டி நின்றுவிடுகிறது, உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வோர் அடிக்கும் நகர்கிறது. இடையில் அகப்பட்ட தோல் அடுக்குகள் ஆயிரக்கணக்கான முறை எதிரெதிர்த் திசைகளில் இழுபட்டு, மேல்தோலின் உட்பகுதியில் நுண்ணிய கிழிசல் ஏற்படுகிறது. அந்த இடைவெளியில் நீர் நிரம்புவதுதான் கொப்புளம். உள்ளங்காலிலும் குதிகாலிலும் மேல்தோல் தடித்து உறுதியாக இருப்பதால் அது உரிந்து போகாமல் நின்று, அடியில் நீர் கோத்துக்கொள்கிறது.

இந்த இழுவையைக் கூட்டுவது ஈரம். உலர்ந்த தோல் காலுறையின்மேல் ஓரளவு வழுக்கும். நசநசத்த தோல் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன என்பதை நினைத்தால் ஈரத்துக்கு மழையே தேவையில்லை என்பது புரியும். பருத்தி இழை அந்த வியர்வையைக் குடித்து, தன் பொதுபொதுப்பை இழந்து, தட்டையாகத் தோலோடு அப்பிக்கொள்கிறது. உலர நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே நடக்கும் தொலைவில் இது தெரியாது. ஆறாவது மணி நேரத்தில் தெரியும்.

மெரினோ என்னும் செம்மறியாட்டு இனத்தின் மெல்லிய கம்பளிக்கு இயல்பு வேறு. அது தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழையின் உள்ளே வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. இழையின் இயற்கையான சுருள் காரணமாக நனைந்த பிறகும் பொதுபொதுப்பு முழுவதும் போய்விடுவதில்லை. கம்பளி என்றவுடன் உறுத்தும், அரிக்கும் என்று அஞ்சவேண்டாம். உறுத்துவது முப்பது மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் உள்ள தடித்த இழைகள். காலுறைக்குப் பயன்படும் மெரினோ பெரும்பாலும் இருபது மைக்ரானை ஒட்டியது. நாள்பட அணிந்தாலும் நாற்றம் குறைவு என்பது கூடாரத்தில் உடன் உறங்குபவர்களுக்கும் நன்மை. ஆனால் முழுக் கம்பளி விரைவில் இற்றுப்போகும். அதனால்தான் நைலானைச் சேர்க்கிறார்கள். பாதிக்கு மேல் மெரினோ, மீதியில் பெரும்பகுதி நைலான், வடிவம் குலையாமல் இருக்கச் சிறிதளவு எலாஸ்டேன் என்னும் இழுபடும் இழை என்று அமைந்த காலுறையையே நான் அணிகிறேன், பரிந்துரைக்கிறேன். பாலியஸ்டர் அதைவிட வேகமாக உலரும், நாற்றத்தையும் அவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

இழை மட்டுமே எல்லாம் என்றும் சொல்லமாட்டேன். 1990-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓட்டக்காரர்களுக்கு அக்ரிலிக் காலுறையில் பருத்தியைவிடக் குறைவாகவும் சிறிதாகவும் கொப்புளங்கள் வந்தன. அதே ஆய்வாளர்கள் 1993-இல் வேறு வகையான பின்னல் கொண்ட காலுறைகளை வைத்துச் சோதித்தபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. எனவே காலுறையை வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பகுதியிலும் குதியிலும் வளையப் பின்னல் அடர்த்தியாக இருக்கிறதா, விரல் நுனியில் உள்ள தையல் தட்டையாக இருக்கிறதா, குதிக்கென்று பின்னிய பை உங்கள் குதிகாலில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது, உறையில் அச்சிட்ட விழுக்காடுகளைப் படிப்பதைப்போலவே முக்கியமானது. ஓர் அளவு பெரிய காலுறை மடிப்பு விழும். அந்த மடிப்பு நாள் முழுவதும் பாதத்துக்கு அடியில் கயிறு கிடப்பதைப் போன்றது.

கேள்வி: இரண்டு காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் கொப்புளம் வராது என்கிறார்களே? விரல்களுக்குத் தனித்தனி உறை உள்ள காலுறையும் பவுடரும் களிம்பும் உதவுமா?

பதில்: இரட்டைக் காலுறைக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. மெல்லிய வழவழப்பான உட்காலுறை தோலோடு நிற்க, வெளிக்காலுறை ஷூவோடு நிற்க, அசைவு அவ்விரண்டுக்கும் இடையில் நடந்துவிடுகிறது. தோல் இழுபடுவது குறைகிறது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி வீரர்களிடம் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியஸ்டர் உட்காலுறையும் தடித்த வெளிக்காலுறையும் சேர்ந்த அமைப்பு கொப்புளங்களைக் குறைத்தது. அந்த வீரர்கள் அணிந்தது கனத்த பூட். உங்கள் ஷூவில் இரண்டாம் காலுறைக்கு இடம் இல்லையென்றால் இறுக்கமும் வெப்பமும் கூடி எதிர்விளைவே வரும். பருத்தியில் இரண்டு அணிவது எந்தக் காலணியிலும் வேண்டாம்.

விரலுறைகள் விரல் இடுக்குகளில் கொப்புளம் வருபவர்களுக்கு மிகவும் உதவுகின்றன. சுண்டுவிரல் பக்கத்து விரலின் அடியில் மடங்கும் அமைப்பு எனக்கு உண்டு. விரலுறைக்கு மாறிய பிறகு அந்த இடத்தில் ஒரு தடவைகூடக் கொப்புளம் வந்ததில்லை. அணிவதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். குதிகால் கொப்புளத்துக்கு அதனால் பயனில்லை.

பவுடர் ஈரத்தில் கட்டிதட்டி மணல்போல் உறுத்துவதால் நான் தவிர்க்கிறேன். களிம்பு தொடக்கத்தில் வழுக்கலைத் தந்தாலும் சில மணி நேரத்தில் உறிஞ்சப்பட்டு, தோலை மென்மையாக்கி, இழுவையை முன்பைவிடக் கூட்டிவிடக்கூடும். பூசுபவர்கள் இடையிடையே துடைத்துப் புதிதாகப் பூசவேண்டும். மருந்துக் கடைகளில் காயக்கட்டுக்கு விற்கும் சாதாரணக் காகித ஒட்டுநாடாவை உங்களுக்கு வழக்கமாகக் கொப்புளம் வரும் இடங்களில் காலையிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். 250 கிலோமீட்டர் பாலைவன ஓட்டங்களில் பங்கேற்றவர்களிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வில் இந்த நாடா கொப்புளங்களை 40 விழுக்காடு குறைத்தது. விலை உயர்ந்த பல பொருள்களைவிட இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கேள்வி: நீர் புகாத சவ்வு வைத்த ஷூ வாங்கலாமா?

பதில்: குளிரும் பனியும் உள்ள இடத்துக்கு வாங்கலாம். வெப்பமான இடத்துக்கும், ஓடைகளை இறங்கிக் கடக்கவேண்டிய பாதைக்கும் வேண்டாம்.

இந்தச் சவ்வில் உள்ள நுண்துளைகள் நீர்த்துளிக்கு மிகச் சிறியவை, நீராவிக்குப் போதுமானவை. உள்ளிருக்கும் வியர்வை ஆவியாகி வெளியேற, உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்து, வெளியே குறைந்திருக்கவேண்டும். வெளிக்காற்றே வெப்பமும் ஈரமுமாக இருந்தால் வியர்வை போக வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். மேலும் ஷூவுக்குக் கழுத்து வழியாக ஒரு பெரிய திறப்பு இருக்கிறது. முழங்கால் ஆழ நீரில் ஒரு தடவை இறங்கினால் போதும், உள்ளே புகுந்த நீரை அதே சவ்வு வெளியேறவிடாமல் காத்துக்கொள்ளும். வலைத்துணியால் ஆன ஷூவில் நீர் சுலபமாகப் புகும், நடக்க நடக்கச் சுலபமாக வெளியேறியும் விடும். நனையத்தான் போகிறோம் என்று தெரிந்த பாதையில், விரைவாக உலரும் காலணியே தக்கது.

குளிரில் ஈரப் பாதத்தோடு நெடுநேரம் இருப்பதைப் பற்றி மட்டும் எச்சரிக்கை சொல்லவேண்டும். உறைநிலைக்குக் கீழே போகாமலே, பத்துப் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும், பல மணி நேரம் நனைந்திருக்கும் பாதத்தில் இரத்த ஓட்டம் சுருங்கி, நரம்பும் தசையும் கெட்டுப்போகலாம். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான வீரர்கள் இந்த நோயால் பாதிக்கப்பட்டார்கள். நாள்தோறும் பாதத்தைத் துடைத்து, தடவிவிட்டு, உலர்ந்த காலுறைக்கு மாறவேண்டும் என்ற கட்டளைதான் அதைக் கட்டுப்படுத்த உதவியது. நாளெல்லாம் நனைந்தே நடந்திருந்தாலும், உறங்கும் நேரத்தில் பாதம் முழுமையாக உலர்ந்திருக்கவேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் எத்தனை ஜோடி காலுறை எடுத்துச்செல்வது?

பதில்: மூன்று. நடக்க இரண்டு, உறங்க ஒன்று. உறங்குவதற்கான ஜோடியை எக்காரணம் கொண்டும் நடைக்கு எடுக்கக்கூடாது. நடுப்பகல் ஓய்வில் ஷூவைக் கழற்றிக் காலைக் காற்றாடவிட்டு, ஜோடியை மாற்றி, கழற்றியதை அலசிப் பிழிந்து முதுகுப்பையின் வெளிப்புறத்தில் கட்டித் தொங்கவிட்டால் மாலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். உப்பும் மண்ணும் படிந்த காலுறை அரம்போல் ஆகிவிடுவதால் அலசுவதைச் சோம்பலால் தள்ளிப்போடவேண்டாம்.

கேள்வி: ஏற்றத்தில் குதிகால் மேலே எழும்பித் தேய்கிறது, இறக்கத்தில் விரல்கள் முன்னே இடிக்கின்றன. லேஸை இறுக்கினால் பாதத்தின் மேற்புறம் வலிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: லேஸை முழுவதும் ஒரே இறுக்கத்தில் கட்டுவதை விட்டுவிடுங்கள். விரல்களுக்கு மேலே தளர்வாகவும், பாதம் கணுக்காலை நோக்கி வளையும் இடத்தில் இறுக்கமாகவும் இருக்கவேண்டும். பல ஷூக்களில் மேலே கடைசியாக, சற்றுப் பின்தள்ளி, பயன்படுத்தப்படாத ஒரு துளை இருக்கும். லேஸின் ஒவ்வொரு முனையையும் அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு இரு புறமும் ஒரு சிறு வளையம் உண்டாக்கி, இடது முனையை வலது வளையத்திலும் வலது முனையை இடது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்சுவரோடு ஒட்டி நிற்கும். பாதம் முன்னேயும் வழுக்காது, மேலேயும் எழும்பாது. கழற்றும்போது சற்று அதிக நேரம் ஆகும் என்பதைத் தவிர இதில் குறை ஏதும் நான் கண்டதில்லை.

மேற்புறத்தில் வலிக்கும் இடத்துக்கு நேரே லேஸைக் குறுக்கே போடாமல், இரு பக்கமும் நேராக மேல்துளைக்கு ஏற்றிவிட்டு, அதன்பின் குறுக்குப் பின்னலைத் தொடருங்கள். அழுத்தம் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். நீண்ட இறக்கம் தொடங்குமுன் ஒரு நிமிடம் நின்று லேஸைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் பழக்கம் பல நகங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: புதிய ஷூவை எவ்வளவு காலம் பழக்கவேண்டும்? குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும் ஷூ இயற்கையானது என்கிறார்களே?

பதில்: தடித்த தோல் பூட்டுக்குப் பல வாரங்கள் தேவை, துணி ஷூவுக்கு இரண்டு மூன்று நடைகளே போதும். முதல் நாளிலேயே ஓரிடத்தில் உறுத்தும் துணி ஷூ நாளடைவில் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். பழகவேண்டியது உங்கள் கால்தான். முதுகுப்பையில் முழுச் சுமையோடு, அதே காலுறையோடு, அடுத்தடுத்த இரண்டு நாள் நீண்ட நடை நடந்து பாருங்கள். முதல் நாள் மறைந்திருக்கும் குறைகள் இரண்டாம் நாளில் வெளிப்படும்.

சமதள ஷூ சிலருக்கு மிகவும் நன்றாக ஒத்துப்போகிறது. ஆனால் குதி உயர்ந்த காலணியிலேயே வாழ்ந்தவர்கள் திடீரென்று அதற்கு மாறினால் கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் அதுவரை அறியாத அளவுக்கு நீட்டப்படும். சில மாதங்கள் சிறுகச் சிறுகப் பழகுங்கள். நெடும்பயணத்துக்கு முந்திய மாதம் அந்த மாற்றத்துக்கு உரிய காலமன்று.

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. நடைப்பயணத்துக்குப் போகலாமா? என்ன காலணி அணிவது?

பதில்: காலணியைப் பற்றிப் பேசுமுன் மருத்துவரிடம் பாதங்களைக் காட்டி உணர்வுத்திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலின் பல இடங்களைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது. கால்களின் இரத்த ஓட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நீண்டகால நீரிழிவில் நரம்புகள் மங்கிப்போயிருந்தால், மற்றவர்களை நிறுத்திவைக்கும் வலி உங்களுக்குத் தெரியாமலே கொப்புளம் புண்ணாகி ஆழமாகிவிடும்.

உணர்வும் இரத்த ஓட்டமும் நன்றாக இருக்கின்றன என்று மருத்துவர் சொன்னால், விரல்பகுதி விரிந்த, உள்ளே துருத்தும் தையல் இல்லாத ஷூவையும், வெளிர்நிறக் காலுறையையும் தேர்ந்தெடுங்கள். வெளிர்நிறத்தில் இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும். அணியுமுன் ஒவ்வொரு முறையும் ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாதத்தின் அடிப்பகுதியைச் சிறு கண்ணாடியில் பாருங்கள், அல்லது உடன்வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடம் தென்பட்டால் அன்றைய நடையை முடித்துக்கொள்ளவேண்டும். கொப்புளம் வந்தால் நீங்களே குத்தக்கூடாது. உணர்வு குறைந்திருப்பதாக மருத்துவர் சொன்னால், தயவுசெய்து பல நாள் பயணத்தைத் தவிர்த்து, அவர் அனுமதிக்கும் தொலைவுக்குள் நடங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பூட் பெட்டியிலேயே இருக்கிறது. இரண்டே முறைதான் அணிந்தேன். புதிதுபோலவே இருப்பதால் அதையே கொண்டுபோகலாமா?

பதில்: சோதிக்காமல் கொண்டுபோகாதீர்கள். பல பூட்களின் அடியில் வைக்கும் பாலியூரித்தேன் என்னும் பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் உளுத்துப்போகிறது. பயன்படுத்தாமல் மூடிவைத்தாலும் இது நடக்கும். எனக்கே நேர்ந்தது: பல ஆண்டுகள் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த பூட், ஒரு பயணத்தின் இரண்டாம் நாளில் ஒரு காலில் முழு அடிப்பாகத்தையும் இழந்தது. கூடாரக் கயிற்றால் அதைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் நடந்து ஊர் சேர்ந்தேன். குதிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தமாக அழுத்துங்கள், பூட்டை நன்றாக வளையுங்கள். வெடிப்போ பொடியோ தென்பட்டால் விட்டுவிடுங்கள். தென்படாவிட்டாலும் வீட்டுக்கு அருகில் சில நாள் சுமையோடு நடந்து பார்த்த பிறகே எடுத்துச்செல்லுங்கள்.

இலேசான ஷூக்களில் உள்ள நுரைமெத்தை இப்படி உளுத்துப்போவதில்லை. நடக்க நடக்கத் தன் துள்ளலை இழந்து தட்டையாகிவிடுகிறது. பெரும்பாலானவை 500 கிலோமீட்டரிலிருந்து 800 கிலோமீட்டருக்குள் மாற்றவேண்டிய நிலைக்கு வரும். மேல்துணி கிழியவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எந்தக் காலணியானாலும், நனைந்ததை நெருப்பருகில் வைத்து உலர்த்தாதீர்கள். பசை இளகும், தோல் வெடிக்கும். மெத்தையை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, தாள் நனைந்ததும் மாற்றிக்கொண்டே வந்தால் நிழலிலேயே உலர்ந்துவிடும்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் கொப்புளம் வந்துவிட்டால் உடைக்கலாமா, கூடாதா?

பதில்: கொப்புளத்துக்கு முன் அந்த இடத்தில் ஒரு சூடு தெரியும். அப்போதே நிற்கவேண்டும். அடுத்த ஓய்விடத்தில் பார்த்துக்கொள்ளலாம், உடன்வருபவர்களைக் காக்கவைக்கக்கூடாது என்று தள்ளிப்போடுவதால்தான் பெரும்பாலான கொப்புளங்கள் உண்டாகின்றன. ஷூவைக் கழற்றி, மண்ணைத் தட்டி, பாதத்தைத் துடைத்து, அந்த இடத்தில் நாடாவை மடிப்பின்றி ஒட்டி, காலுறையை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

வந்துவிட்ட பிறகு, சிறியதாகவும் வலியில்லாததாகவும் இருந்தால் உடைக்காமல் மூடிவையுங்கள். மேல்தோலைவிட நல்ல கட்டு வேறில்லை. பெரிதாகி, நடையைத் தடுக்குமளவுக்கு இறுகியிருந்தால், கையையும் அந்த இடத்தையும் சோப்பால் கழுவி, கிருமிநாசினியில் துடைத்த ஊசியால் ஓரத்தில், கீழ்ப்பக்கமாக ஒன்றிரண்டு துளைகள் இட்டு, நீரை மெல்ல அழுத்தி வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்கவேகூடாது. அதன்மேல் கொப்புளத்துக்கென்று விற்கும், கசியும் நீரை வாங்கிக்கொள்ளும் ஹைட்ரோகொலாய்டு ஒட்டையோ, ஒட்டாத காயத்துணியையோ வைத்து, அதன் ஓரங்களில் மட்டும் நாடா ஒட்டுங்கள். கொப்புளத்தில் இரத்தம் கோத்திருந்தால் துளையிடவேண்டாம். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அருகிலுள்ள மருத்துவரிடம் போகும் வழியைத்தான் அடுத்துப் பார்க்கவேண்டும்.